பீர்க்கங்கொடி சுற்றிய ஸ்பிரிங்

அம்பத்தூர்
அக்டோபர் 12

அன்புள்ள ஜெயபாலுக்கு,

கஜபதி எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் மடித்து ஓரமாக வைத்துவிடாதே. நீயும் ஞானசௌந்தரியும் மகள் ஷைலாவோடு ஓசூரில் சௌக்கியமாக இருப்பதாக உன் மைத்துனன் ஃபெலிக்ஸ் சொன்னான். கரையான்சாவடியில் அவன் கடைக்கு வாளி வாங்கப் போனவன், உன் முகவரியையும் வாங்கிக்கொண்டு வந்தேன். போன் நம்பரும் கொடுத்தான். ஆனால் நீ ஹலோ சொன்ன உடனே நான் வைத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். பதினோரு வருஷமாக உன்னோடு பேசாத வாய் இது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் மாங்காட்டு வீட்டை விற்கக் கையெழுத்துப் போட அடுத்த மாதம் வருகிறாயாம். அதன் பிறகு உனக்கு இந்தப் பக்கம் என்ன வேலை இருக்கப்போகிறது? அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து மொட்டைமாடியில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். சொன்னால் புரிந்துகொள்கிற ஆள் நீ ஒருத்தன்தான், என்ன செய்ய.

நான் ரிடையர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. நம் ஸ்பிரிங் பட்டறையில் இருபத்தாறு வருஷம் மெஷினுக்கு அளவு வைத்துக் கொடுக்கும் செட்டராக இருந்தவனுக்கு வீட்டில் கை சும்மா இருக்குமா? சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினேன். பத்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, மாடியில் போய் ஏதாவது நட்டுத் தொலையுங்கள் என்று விரட்டிவிட்டாள். ஆடியில் ஒரு பக்கம் அவரை, ஒரு பக்கம் பீர்க்கு என்று பைகளில் போட்டேன். அவரை நான் கேட்டது, பீர்க்கு அவள் கேட்டது.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மைதிலி பள்ளிக்கூடத்தில் டீச்சர். கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "அங்கிள், எங்க மாடிக்கு அவரை போடலாமா, பீர்க்கு போடலாமா?" என்று கேட்டது. இரண்டு வாரம் டைம் கொடும்மா, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். உனக்குத்தான் என்னைத் தெரியுமே. அளவெடுக்கும் வெர்னியர், பூதக்கண்ணாடி, சாக்பீஸ், நோட்டு எல்லாம் மாடிக்கு ஏறிவிட்டன. செடி வளர்க்கிறீர்களா, இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுகிறீர்களா என்று பத்மா கேட்டாள்.

முதலில் அவரையைச் சொல்கிறேன். அதற்குப் பிடிக்கக் கை கிடையாது. உடம்பே கம்பைச் சுற்றி ஏறுகிறது. நுனி மட்டும் கம்பைத் தேடிக் காற்றில் வட்டம் போடும். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன், ஒரு வட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். எட்டுக் கொடி இருக்கிறது, எட்டும் ஒரே திசைதான். நம் மரையாணிக்கு எந்தச் சுற்றோ அதே சுற்று. எனக்குக் குறும்பு வந்துவிட்டது. ஒரு கொடியைப் பிரித்து எதிர்ப்பக்கமாகச் சுற்றி நூலால் கட்டினேன். மூன்றாம் நாள் பார்த்தால் நுனி கட்டிலிருந்து நழுவி வெளியே வந்து, தன் பழைய திசையிலேயே ஏறிக்கொண்டிருந்தது. யார் சொன்னாலும் கேட்காது. என் இனம்டி இது என்று பத்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

பீர்க்கு எனக்குப் பிடிக்கவே இல்லை. கண்ட இடத்தில் கை நீட்டும். துணி காயப்போடும் கம்பி, கேபிள் ஒயர், மைதிலி வீட்டுக் கிரில் எதையும் விடவில்லை. நூல் மாதிரி நீட்டுகிறதே, அதற்குப் பாடப்புத்தகத்தில் பற்றுக்கம்பி என்று பெயராம், மைதிலி சொன்னது. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பற்றுக்கம்பி துணிக்கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றது. மத்தியானம் நுனி இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துவிட்டது. மறுநாள் பார்த்தால், நடுவில் நேராக இருந்த பாகம் அப்படியே சுருண்டு ஸ்பிரிங் ஆகி, கொடியைக் கம்பியின் பக்கம் ஒரு விரற்கடை இழுத்திருந்தது.

ஸ்பிரிங் என்றால் எண்ணாமல் விடுவேனா? கண்ணாடி போட்டு எண்ணினேன். கொடிப் பக்கத்திலிருந்து ஏழு சுற்று வலது. அப்புறம் அரிசி நீளத்துக்கு நேராக ஒரு துண்டு. அதற்கப்புறம் ஏழு சுற்று இடது.

ஜெயபால், நீ இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். எடுத்து மேலே படி.

முதலில் என் கண்தான் கோளாறு என்று நினைத்தேன். அடுத்ததை எண்ணினேன். ஒன்பது, நேர்த்துண்டு, ஒன்பது. அன்று சாப்பிடக்கூட இறங்கவில்லை, முப்பத்தொன்று எண்ணினேன். சிலதில் ஒரு சுற்று கூடக் குறைய இருந்தது. ஆனால் இரண்டு முனையும் பிடிபட்ட பற்றுக்கம்பி ஒவ்வொன்றிலும் நடுவில் அந்தத் திருப்பம் இருந்தது. எதையும் பிடிக்காமல் தொங்குகிறது மட்டும் ஒரே பக்கமாகச் சுருண்டு கிடந்தது. இரண்டு முனையையும் கட்டிப்போட்ட பிறகு ஒரே பக்கமாகச் சுற்றினால் கம்பியே முறுக்கிக்கொள்ளும் அல்லவா? அதனால் பாதிக்கு வலது, பாதிக்கு இடது. இந்த முறுக்குக்கு அந்த முறுக்கு கழிந்து கணக்கு நேர். கண் இல்லாத, மூளை இல்லாத, நான் வேண்டாவெறுப்பாகத் தண்ணீர் ஊற்றிய ஒரு கொடி இதைச் செய்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் மழைக்கு முன்னால் பேய்க்காற்று அடித்தது. அவரை ஏறியிருந்த கம்பு சாய்ந்தது, கொடியும் கூடவே படுத்துவிட்டது. பீர்க்கை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றேன். காற்று இழுக்கும்போது அத்தனை ஸ்பிரிங்கும் நீண்டது, காற்று விட்டதும் அத்தனையும் சுருங்கியது. ஒன்றுகூட அறுந்து போகவில்லை. நடுத்துண்டு மட்டும் சுழன்று சுழன்று திரும்பியதே தவிர, முனை துளிகூடத் திரும்பவில்லை. முனை திரும்பவில்லை, ஜெயபால். பத்மா கீழேயிருந்து கத்தக் கத்த நான் முழுக்க நனைந்து நின்றேன். எத்தனை லட்சம் ஸ்பிரிங் பார்த்த கண் இது, இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

இல்லை, அது பொய். ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் பட்டறைக்கு வந்த அந்த மூடித்தட்டு ஆர்டர், ஸ்பிரிங் முனையில் ஒரு தட்டு மாட்டியிருக்குமே. ஸ்பிரிங்கை இழுத்தால் தட்டு திரும்பக் கூடாது என்றான் ஆர்டர் கொடுத்த பார்ட்டி. நாம் எதைச் சுற்றினாலும் திரும்பியது. நீ மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, கையாலேயே ஒன்று சுற்றி எடுத்து வந்தாய். பாதி வலது, நடுவில் ஒரு நேர்த்துண்டு, பாதி இடது. செட்டர் நான், எனக்குத் தோன்றாதது என் கீழே வேலை செய்கிற உனக்கு எப்படித் தோன்றலாம்? "இன்னா நைனா இது, கம்பியா இடியாப்பமா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்து, அதை ஸ்கிராப் டப்பாவில் போட்டேன். இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. பார்ட்டி வேறு இடம் போய்விட்டான். மறுநாளே நம் பட்டறைத் துலுக்கானம் உன்னை இடியாப்பம் என்று கூப்பிட ஆரம்பித்தான். டீக்கடை வரைக்கும் அதுதான் உன் பெயரானது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே நின்றிருக்கும். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு பட்டறைக்குப் பொரி வாங்க வந்தாய். யாரோ ஒருத்தர், "இடியாப்பத்தோட பொண்ணு வந்துகீது" என்றார்கள். ஷைலா உன் முகத்தைப் பார்த்தது, நீ தரையைப் பார்த்தாய். அடுத்த திங்கட்கிழமை நீ வேலைக்கு வரவில்லை. வருஷா வருஷம் பொரிப் பொட்டலம் கைக்கு வரும்போது அந்தப் பெண் பார்த்த பார்வை ஞாபகம் வரும். நான் கேலி செய்தது மட்டும்தானே, அவன்தான் கோபக்காரன் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். இந்த வருஷம் அந்தச் சமாதானம் எடுபடவில்லை. பன்னிரண்டு நாளாகப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

நீ சுற்றியது சரி. நான் செய்தது அநியாயம். இதை நேரில் சொல்ல வேண்டும், அதுவும் ஷைலா காதில் விழும்படி சொல்ல வேண்டும். நாம் பார்த்துக்கொள்வதற்குள் நீயே இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினாலும் சரிதான். உன் அப்பாவின் ஸ்பிரிங்கைக் குப்பையில் போட்டவன் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று சொல்.

மைதிலிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவரை தை மாதம்தான் கொத்துக் கொத்தாகக் காய்க்கும், அசுவினியும் மொய்க்கும். பீர்க்கு இப்போதே பைக்கு ஐந்தாறு காய் கொடுக்கிறது, இரண்டு நாள் பறிக்காமல் விட்டால் நாராகிவிடும். ஆனால் சாயங்காலம் மஞ்சளாகப் பூக்கிறதே, அதற்கே வைக்கலாம். சாய்ந்த அவரையையும் நிமிர்த்திக் கட்டிவிட்டேன், அதன் திசையிலேயே.

உனக்கு ஒரு பற்றுக்கம்பியை வெட்டிக் கவரில் போட்டு அனுப்பலாம் என்று கத்தரியோடு போனேன். கை வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று கிரில்லைப் பிடித்திருக்கிறது, பதினொன்றுக்குப் பதினொன்று. யாரும் தொடாமல் இருக்கப் பக்கத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். கார்த்திகை வரைக்கும் கொடி தாங்கும். மாங்காட்டுக்கு வரும் அன்று ஞானசௌந்தரியையும் ஷைலாவையும் கூட்டிக்கொண்டு இங்கே சாப்பிட வா, பத்மாவும் சொல்லச் சொன்னாள். எல்லாரும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

அன்று நான் உன் ஸ்பிரிங்கை இழுத்துப் பார்க்கவில்லை. இந்தத் தடவை நீ வந்து முதலில் இழு.

என்றும் உன்,
கஜபதி