லூத்தர் வீட்டுப் படிகள்

மார்ச் 4

மனை என் பேருக்கு வந்துவிட்டது. வக்கீல் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால், சொல்ல ஆள் இல்லை. காப்பிக் கடைப் பெண்ணிடம் சொன்னேன். "அப்படியா? சர்க்கரை போடவா?" என்றாள்.

இழுவைப் படகில் சமையல்காரியாக மிசிசிப்பியில் ஏறியும் இறங்கியுமே வயசு போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் இந்த ஊரைக் கடக்கும்போது, மேட்டுத் தெருவின் பழைய வீடுகளுக்கு நடுவே அந்தக் காலி இடம் தெரியும். இனி அது என்னுடையது. சமையலறை ஜன்னலில் ஆறு தெரிய வேண்டும். அது போதும்.

மார்ச் 9

மனையில் புல், ஒரு அத்தி மரம், செங்கல் படிகள். எப்போதோ எரிந்துபோன வீட்டின் முன்படிகள். ஏறினால் மேலே ஒன்றும் இல்லை.

இன்று அதில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தொப்பி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை.

"லூத்தர் இன்னும் எந்திரிக்கல போல" என்றார்.

யார் லூத்தர் என்று கேட்டேன். பைத்தியமா என்பதுபோல் பார்த்தார். பக்கத்து வீட்டிலிருந்து அவர் மனைவி வந்தார். "ஆர்டிஸ், சாப்பாடு ஆறுது, வாங்க." என்னைப் பார்த்து, "இடத்த வாங்குனது நீங்கதானா" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. பேர்கூடச் சொல்லவில்லை.

மார்ச் 10

இன்றும் வந்தார்.

ஏப்ரல் 2

பழைய தெருக்களில் எது கட்டினாலும் ஊர்க் குழு சம்மதிக்க வேண்டும். கூட்டத்தில் என் வரைபடத்தை விரித்தார்கள். பக்கத்து வீட்டம்மாள் எழுந்தார். பேர் கொரின் சாட்டர்ஃபீல்ட் என்று அங்கேதான் தெரிந்தது.

"படகுல திரிஞ்சவங்களுக்கு இந்தத் தெரு எதுக்கு? ரெண்டு வருஷத்துல வித்துட்டுப் போயிருவாங்க."

எல்லாரும் மேஜையைப் பார்த்தார்கள். ஒருத்தர்கூட— நான் என்ன கேட்டுட்டேன்? ஒரு வீடு. அவங்க வீட்லயா பங்கு கேட்டேன்?

முடிவைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். வாடகை அறைக்கு வந்து சூப் டப்பாவைத் திறந்தேன். சூடாக்கவில்லை.

ஏப்ரல் 5

கொரின் வந்தார். அறை வாசலிலேயே நின்றார்.

"அன்னைக்குப் பேசுனது தப்பு. உங்களுக்கு எதிரா ஒண்ணும் இல்ல. நீங்க கட்டுனா அந்தப் படிய இடிப்பீங்க. அதான் பயம்."

லூத்தர், ஆர்டிஸின் அண்ணன். எரிந்துபோனது அவர் வீடுதான். செத்து வருஷங்கள் ஆகின்றன.

"ஆரம்பத்துல சொல்லிப் பாத்தேன். சொல்ற ஒவ்வொரு தடவையும் புதுசா கேக்கற மாதிரி அழுவாரு. இப்ப சொல்றதில்ல. அங்க உக்காந்துட்டு வந்தார்னா ராத்திரி தூங்குவாரு."

நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

ஏப்ரல் 11

டெல்மர்தான் வீடு கட்டித் தருபவர். படியை வைத்துக்கொண்டால் வாசல் அதற்கு நேராக வரும், சமையலறை பக்கவாட்டுக்குப் போய்விடும் என்கிறார். அதாவது ஜன்னலில் கொரின் வீட்டுச் சுவர்தான்.

"ஆத்தப் பாக்கத்தானே மேடம் இடமே வாங்குனீங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

"கதவ படிக்கு நேரா வைங்க" என்றேன்.

ஏன் சொன்னேன்? ஆர்டிஸுக்காகவா? என் கதவைத் தினமும் வந்து தட்ட யாரும் இருந்ததில்லை என்பதற்காகவா? குழு சரி என்றுவிட்டது. இந்த முறை கொரின் எழுந்திருக்கவில்லை.

ஜூலை 18

ஆர்டிஸ் பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆட்களை அதட்டுகிறார். "எங்கண்ணன் வீட்ல என்னய்யா பண்றீங்க?"

"அவருதான் சார் பண்ணச் சொன்னாரு" என்கிறார் டெல்மர்.

"அப்ப ஒழுங்கா பண்ணுங்க."

நவம்பர் 6

குடிவந்துவிட்டேன். காலையில் சோள ரொட்டி சுட்டு வைத்தேன். காத்திருந்தேன்.

வந்தார். கதவை வெகுநேரம் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. தட்டினார். திறந்தேன்.

தொப்பியை எடுத்துவிட்டார். "மன்னிக்கணும்மா. வீடு மாறி வந்துட்டேன்."

உள்ளே வாருங்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

நவம்பர் 7

வரவில்லை.

நவம்பர் 15

வரவில்லை. திறக்காமல் இருந்திருக்க வேண்டுமோ? மூடிய கதவுக்கு முன்னால் எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பார். நல்லது செய்கிறேன் என்று போய்— என்னத்தச் செஞ்சு வச்சேன் நான்.

ஜனவரி 20

மழை. யாரோடும் பேசாமல் எத்தனையாவது நாளோ. சமையலறையில் நின்றால் சுவர். இந்த இடத்தை விற்றுவிடலாமா? கூட்டத்தில் கொரின் சொன்னது சரியாகிவிடும்.

பிப்ரவரி 23

கதவு தட்டும் சத்தம். ஓடினேன். கொரின்.

"இன்னைக்கு என்னையே யாருன்னு கேட்டுட்டாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கோட்டுகூட இல்லாமல் வந்திருந்தாள். அவருக்குத் துணைக்கு நர்ஸ் இருக்கிறாளாம்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. முட்டை பொரித்தேன், ரொட்டி வாட்டினேன். முழுவதையும் சாப்பிட்டாள். அப்புறம்தான் கேட்டேன், நவம்பரில் நான் கதவைத் திறந்தது தப்பா என்று.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து, 'லூத்தர் காலி பண்ணிட்டான், நல்ல பொம்பளையா குடிவந்திருக்கா'ன்னாரு. அழல. உங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். எனக்குத்தான் கால் வரல."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னலைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எஞ்சுவரா அது? இப்படியா பெயிண்ட் உரிஞ்சு தொங்குது? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீ?"

"யார் கேட்டா?" என்றேன்.

மார்ச் 2

டெல்மரிடம் ஏணி இரவல் வாங்கி வந்தேன். நான் மஞ்சள் என்கிறேன். கொரின் வெள்ளைதான் என்று நிற்கிறாள்.