சர்க்கரை தூக்கலாக ஒரு டீ

ஆகஸ்ட் 12, உத்திரமேரூர்

நான் எழுதிய கட்டுரைகளிலேயே மற்ற ஆய்வாளர்கள் அதிகம் மேற்கோள் காட்டுவது பெருநகர் என்ற கிராமத்தைப் பற்றிய கட்டுரையைத்தான். வயலில் உழைக்கும் பெண்களுக்கு வெறும் வயிற்றிலேயே ரத்தத்தில் இவ்வளவு சர்க்கரையா என்று எல்லோரும் வியந்தார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்ததும் அதனால்தான்.

அன்று ரத்தப் பரிசோதனை முகாமுக்கு அந்தப் பெண்களைத் திரட்டித் தந்த கன்னியம்மாவிடம் அச்சான கட்டுரையைக் கொடுக்க இன்று போனேன். நன்றியுரையில் அவள் பெயரைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

"சும்மாவா மேடம்? வெறும் வயித்துல ரத்தம் குடுத்தா மயங்கி வுயுந்துடுவோம்னு அல்லாரும் பயந்துகினு இருந்தாளுங்க. நான்தான் எங்க வூட்ல சக்கர தூக்கலா டீ போட்டுக் குடுத்து இட்டாந்தேன்."

"எல்லாருக்குமா?"

"ஒருத்தரயும் வுடல. இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாரியா கீது?"

அவளை எப்படிக் கோபித்துக்கொள்வது? ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொன்னது நான். ஏன் என்று சொல்லாததும் நான்தான்.

பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்ற ஒரு வரியோடு நிற்கிறது.

அன்று காலை முகாமில் எனக்கும் அவள்தான் டீ ஊற்றினாள். அவ்வளவு பெரிய தூக்குச்சட்டியில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. மீதி எங்கே போனது என்று நான் கேட்கவே இல்லை.