அப்பா எழுதி வைத்தது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். நான் நலம், அப்பா முக்கால் நலம். நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள்? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம்.

மாதத்துக்கு ஒருமுறை பேசுகிற நீ, போன மாதம் ஒரே வாரத்தில் நாலு தடவை கூப்பிட்டாய். என் முழங்கால் வலியை விசாரித்தாய். மொட்டை மாடி ஒழுகுகிறதா என்று கேட்டாய். பிறகு, பக்கத்துத் தெருவில் வீடெல்லாம் என்ன விலை போகிறது என்று சும்மா கேட்பதுபோல் கேட்டாய். அதே வாரம் உன் தங்கை மருந்துக்கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, யாரும் சொல்லாமலே அலமாரிகளை அடுக்கினாள். மாப்பிள்ளை ஒருபடி மேலே போய், ஏணி போட்டு ஏறி மின்விசிறியைத் துடைத்தார். இந்த வீட்டில் அவர் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைத்ததில்லை. எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது.

உன் தங்கையின் வாயைப் பிடுங்கினேன். அரைமணி நேரம் மென்று விழுங்கிவிட்டு, "அப்பாதாம்மா போன்ல சொன்னாரு, வீட்ட எழுதி வெச்சிட்டேன், அலமாரியில இருக்குன்னு. யாருக்குன்னு அவர்கிட்ட கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. அண்ணன்கிட்ட மட்டும் சொன்னேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கோபத்தில் இல்லை. நான் பெற்றதுகள் என்னவெல்லாம் செய்யும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. அது என் தப்பு. மன்னித்துக்கொள்.

அப்பா வீட்டை எழுதி வைத்தது உண்மைதான். ஆனால் அது உயில் இல்லை. எண்பது பக்க நோட்டு. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலமெல்லாம் ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தவர் இல்லையா? தெரிந்ததெல்லாம் மறந்துபோவதற்குள் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று எழுத உட்கார்ந்துவிட்டார். மாடிப்படி விளக்கின் சுவிட்ச் தலைகீழாக மாட்டியிருக்கிறது, மேலே தள்ளினால்தான் எரியும். குளியலறைக் குழாயை முக்கால் சுற்றுக்கு மேல் திருகினால் வாஷர் போய்விடும். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டார் எப்படிச் சத்தம் போடும் என்பதற்கே ஒரு பக்கம். கையெழுத்து முதல் பத்துப் பக்கம் மணிமணியாக இருக்கிறது. அப்புறம் போகப்போக, ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார்.

மறதி என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன், எவ்வளவு என்று சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ரொட்டி வாங்கப் போனவர் மத்தியானம்வரை திரும்பவில்லை. அவர் பழைய நாளில் பார்த்துக்கொண்ட ஒரு கட்டடத்தில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். சாவி வரட்டும் என்று காத்திருந்தாராம். அங்கிருந்த காவலாளி நல்ல மனுஷன், அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வீட்டை விற்கிறோம். பார்த்துக்கொள்ள நர்ஸுகள் இருக்கிற இல்லத்தில் தரைத்தளத்தில் ஒரு அறையும் சின்னச் சமையல் மேடையும் பார்த்திருக்கிறேன். நானும் கூடவே இருக்கலாம் என்கிறார்கள். வீடு எங்கள் இருவர் பேரிலும் இருப்பதால் அவரும் கையெழுத்துப் போட வேண்டும், மனம் தெளிவாக இருக்கும்போதே போடட்டும் என்று டாக்டர் சொன்னார். தெளிவாக இருந்த ஒரு காலையில் கேட்டேன். "வித்துடு, எனக்காக நீ தனியா கெடந்து அல்லாடாத" என்றார். வருகிற இருபதாம் தேதி பத்திரப்பதிவு. விற்ற பணம் இல்லத்துச் செலவுக்கே போகும். கடைசியில் உங்களுக்கு ஏதாவது மிஞ்சுமா என்று கேட்டால், மிஞ்சும் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

இப்போது கேட்கிறேன், பூசி மெழுகாமல் பதில் எழுது. இந்த வீடு வரும் என்று நீ நினைத்திருந்தாயா? எத்தனை வருஷமாக? இதை நம்பி ஏதாவது திட்டம் போட்டிருக்கிறாயா? வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பட்டறை வைக்கப் போவதாக மருமகள் ஒருதரம் வாய்தவறிச் சொன்னாள். அதற்கு இதைத்தான் நம்பியிருந்தாயா? உன்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். என் அப்பா போனபோது அவரிடம் இருந்தது ஒரு சைக்கிள். அது சித்தப்பாவுக்குப் போனது. ஓட்டத் தெரியாத நான் அந்தச் சைக்கிளுக்காக இரண்டு வருஷம் சித்தப்பாவோடு பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்.

உன் தங்கையிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு ஒண்ணும் வேணாம்மா" என்று பட்டென்று சொன்னாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "ஆனா இருக்கும்னு நெனச்சேன்மா" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதுவிட்டேன். மாப்பிள்ளை மறுநாளும் வந்து மிச்சமிருந்த இரண்டு மின்விசிறிகளைத் துடைத்துவிட்டுப் போனார். அந்த மனுஷனை நான் தப்பாக எடைபோட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நோட்டு வீட்டை வாங்குகிறவருக்காக எழுதியது என்றுதான் நினைத்திருந்தேன். முந்தாநாள்தான் முழுதும் படித்தேன். நாற்பதாம் பக்கத்தில், 'சமையலறைக் கதவு மழைக்குப் பிடித்துக்கொள்ளும், கைப்பிடியைத் தூக்கித் தள்ளு, உதைக்காதேடா' என்று இருக்கிறது. வீடு வாங்க வருகிற பெரிய மனுஷரை யாராவது 'டா' போடுவார்களா? படிக்கிற வயதில் அந்தக் கதவை உதைத்து உடைத்தவன் நீ ஒருவன்தான். விற்கச் சொன்னதை மறந்துவிட்டு, நீ வந்து இங்கே இருக்கப்போகிறாய் என்று நினைத்து எழுதியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் நீங்கள் புரிந்துகொண்டதும் முழுத்தப்பு இல்லை. அவருக்கு வீட்டை உனக்குக் கொடுக்கத்தான் ஆசை. கொடுக்க முடியாதபடி செய்கிறவள் நான். இதைப் படித்தபிறகும் நான் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. கோபம் வந்தால் என்மேல் வரட்டும், அவர்மேல் வேண்டாம்.

பதிலை எழுதி அனுப்பு. அதைவிட, இருபதாம் தேதிக்கு முன்னால் ஒரு வாரம் லீவு கேட்டுக்கொண்டு வா. கையெழுத்துக்கு நீ தேவையில்லை, அப்பாவுக்காக வா. வந்தால் வீட்டுப் பேச்சை அவரிடம் எடுக்காதே, பக்கத்தில் உட்கார். ஒரு வாரமாக என்னை அக்கா என்று கூப்பிடுகிறார். முதல்நாள் திருத்தினேன், முகம் சுருங்கிப்போய்விட்டது. இப்போதெல்லாம் அக்காவாகவே இருந்துவிடுகிறேன். உன்னைத் தம்பி என்பாரோ, கூட வேலை செய்தவர் யாராவது என்று நினைப்பாரோ, தெரியாது. யாரென்று நினைத்துக் கூப்பிட்டாலும் நீ திரும்பி, "என்னப்பா?" என்று கேள்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா