ஜீப் வரும்போது கடலில் இறங்கும் பெண்கள்

அனுப்புநர்:
எ. ஜெசிக்கா,
கருவாட்டு வாடிக் குடியிருப்பு,
தலைமன்னார்.

பெறுநர்:
மாவட்டப் பொலிஸ் அத்தியட்சகர் அவர்கள்,
மன்னார்.

பொருள்: தாக்கப்பட்ட பெண்ணின் முறைப்பாட்டை விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என்னோடு கருவாடு காயவைக்கும் டிலக்சனா, தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்தவள். சென்ற வருடம் கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்து, கடல் நடுவே தீடை என்னும் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டாள். அந்த விடியலில் கடலும் வானமும் ஒரே நிறமாக இருந்தன. எந்தப் பக்கம் நாடு என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே நின்றாள்.

2. கடந்த மாதம் ஒரு மாலை, எங்கள் வாடி முதலாளியான சம்மாட்டி எமிலியானுஸ் அவளைக் கொட்டிலுக்குள் இழுக்கப் பார்த்தார். அவள் உதறியதும் முகத்தில் அறைந்தார். அவளால் சோறு மெல்ல முடியவில்லை. அவரை 'அவர்' என்று எழுதுவது மனுவின் மரியாதைக்காக மட்டுமே.

3. நான்தான் அவளைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிச் சென்றேன். தமிழ்நாட்டு முகாமில் தணிக்கை நடக்கும்போது அதிகாரி முன் நின்று அகதி அட்டையை நீட்ட வேண்டும். சிறுவயதிலிருந்தே பழகிய கை. கதிரையில் அதிகாரியைக் கண்டதும், வீங்கிய கன்னத்தைக் காட்டுவதற்கு முன் அட்டையை நீட்டிவிட்டாள். அதன்பின் கன்னத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் படகு, எந்தக் கரை என்றே கேட்டார்கள். உள்ளூர்க்காரி என்று நினைத்து என்னை எதுவும் கேட்கவில்லை. சட்டவிரோதமாக நுழைந்ததாக அவள்மீது வழக்குப் பதிந்தார்கள். எமிலியானுஸ் மறுநாளும் வழக்கம்போல வாடியில் கதிரை போட்டு இருந்தார்.

4. அவளைப் போல வந்த வேறு பெண்களும் எங்கள் கரையில் இருக்கிறார்கள். இப்போது பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டால் மட்டி தேடுவதுபோல் கடலில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். பாவாடைகள் விரிந்து மிதக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகக்கூட இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்துபோய்விடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

சென்ற வாரம் சம்மாட்டி அவர்களில் ஒருத்தியின் கையை முறுக்கினார். முறைப்பாடு கொடுப்போம் என்றேன். “வேண்டாம் அக்கா, கை சுகமாகிடும். பிடிச்சு அனுப்பினா நான் எங்க போறது?” என்றாள். அவள் வாய் திறக்கமாட்டாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

5. ஆகவே, டிலக்சனாவின் முறைப்பாட்டை ஏற்று விசாரிக்கும்படி பணிவாக வேண்டுகிறேன். அடிபட்டு வருபவளிடம் எப்படி வந்தாய் என்பதற்கு முன், யார் அடித்தது என்று கேட்கவும் உத்தரவிடுங்கள். அவர் அறைந்ததை நேரில் கண்டவள் நான் ஒருத்தியே. நானும் கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவள்தான். முதலில் என் சாட்சியத்தை எழுதிக்கொண்டு, அதன்பிறகு என்னைப் பிடிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தலைமன்னார்
திகதி: 11.03.2025

மேலுள்ள முகவரியிலேயே இருக்கும்,
எ. ஜெசிக்கா