நண்டுத் தொட்டிக் கடிகாரம்

வியாழன். புழுக்கம். காற்று அடியோடு இல்லை.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இவர் சீக்கிரம் எழட்டும் என்று வீட்டுக் கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்னே வைத்தவள் நானே. இன்று நானே அதை நம்பி மீன் ஏலத்துக்கு ஓட்டம். அங்கே நானும் ஒரு நாயும்.

நண்டுத் தொட்டிக்குக் கொழுந்தன் சேகர் செய்து கொடுத்த பெட்டியிலும் கடிகாரம் உண்டு. தண்ணீருக்குள் காற்று ஊதும் மோட்டாரைக் கொஞ்சம் ஓடவிட்டு, கொஞ்சம் ஓய்வு கொடுக்கும். விடியலில் அலாரம் வேறு. அதையும் முன்னே தள்ளியாச்சு.

ஞாயிறு விடியலில் ஓட்டல் வேன். முதல் ஆர்டர். நண்டு உயிரோடு இல்லாவிட்டால் வாங்க மாட்டார்களாம்.

வெள்ளி. சுள்ளென்று வெயில். மோட்டார் ஊமை. நண்டெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நுரை தள்ளுகிறது. இவரும் நானும் முறம், தட்டு, கையில் கிடைத்ததால் தண்ணீரை அடித்தோம். சேகர் ஓடி வந்தான்.

"பொட்டி கடியாரத்த யாரு திருப்புனது?"

இவர் தலையைச் சொறிந்தார். "உங்க அண்ணி முன்னால வெச்சிகினா. கொஞ்சம் தூங்கலாம்னு நான் பின்னால வெச்சேன் நைனா."

"அட இன்னாண்ணா! அடுத்து இந்த மணிக்கு ஓடணும்னு மோட்டாரு காத்துகினு கீது. நீ மணியவே பின்னால தள்ளிட்ட. அது வர்ற வரிக்கும் சும்மாதான் குந்திகினு இருக்கும்."

பெட்டிக்குள் இன்னொரு கடிகாரமும் இருக்கிறதாம். அதற்கு மணி தெரியாது. கரண்டு வந்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஆச்சு என்று எண்ணிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். யாராலும் திருப்ப முடியாது. மோட்டாரை அதில்தான் விட்டிருக்கணும், தப்பு தன்னுடையது என்றான்.

"மணியும் தெரியாது, எவன் பேச்சும் கேக்காது, வேல மட்டும் கரீட்டா செய்யும். அப்டியே நான்தான்னு சொல்லு."

"பேஜாரு பண்ணாத அண்ணி."

சனி. மேகம். மோட்டாரை அந்த எண்ணுகிற கடிகாரத்துக்கு மாற்றிவிட்டான். நண்டுகளுக்குத் தெம்பு வந்தாச்சு. ஒன்று சேகர் விரலைப் பிடித்தது. சிரித்ததற்குக் கோபம்.

சாயங்காலம், அலாரத்தையும் அந்தக் கடிகாரத்துக்கே மாற்றச் சொன்னேன்.

"வாணாம் அண்ணி. விடிகாலைன்னா அது மணி. இது கரண்டு போனா முதல்லேந்து எண்ணும்."

"உங்கண்ணன் கை வெக்க முடியாததா வோணும். மாத்து. இல்லேன்னா உனுக்கு நண்டு கொழம்பு கெடையாது."

விடியலுக்கு எத்தனை மணி நேரமோ, அத்தனை எண்ணியதும் அடிக்கும்படி மாற்றினான்.

ஞாயிறு. தூறல். நன்றாக விடிந்த பிறகுதான் எழுந்தோம். விடிவதற்கு முன்னே கரண்டு போய் உடனே வந்ததாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வேன்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனதாகவும் சொன்னார்கள். மோட்டார் நன்றாக ஓடுகிறது. நண்டுகள் எல்லாம் நலம். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அலாரம் அடித்தது.