தோன்லியை எனக்குத் தெரியும்

அன்பின் அனிற்றாவுக்கு,

நீரும் மகளும் சுகமாயிருக்க மடுமாதாவை மன்றாடுறன். நான் சுகம்.

ஒரு பகிடி கேளும். நான் வேலை செய்யிற, கால்சாப் பகுதியிலை இருக்கிற வீட்டிலை நேற்றுப் புத்தக அலுமாரி துடைக்கேக்கை தோன்லியின்ரை வாழ்க்கை வரலாறு கிடந்தது. யாழ்ப்பாணத்திலை நான் ஏழு வருசமா ஆராய்ஞ்ச அதே விக்ரோறியா காலத்துப் பேராசிரியர், கல்லூரித் தலைவர். நான் எழுத வைச்சிருந்த எல்லாத்தையும் வேறை ஒருத்தர் எழுதி முடிச்சிட்டார்.

"தோன்லியை எனக்கு நல்லாத் தெரியும்" எண்டு இத்தாலியன் பாஷையிலை வாய்விட்டுச் சொல்லிப்போட்டன்.

குசினிக்குள்ளை நிண்ட வீட்டுக்கார அம்மா, சின்யோரா, "எந்த வீட்டிலை வேலை செய்யிறான்?" எண்டு கேட்டா. இஞ்சை வீட்டு வேலை செய்யிற எங்கடை ஆக்களிலை ஒராளெண்டு நினைச்சிட்டா.

"இப்ப வேலையில்லை" எண்டன்.

ஆரும் இஞ்சை வந்தால் முழங்காலுக்குப் பூசுற எண்ணெய் குடுத்துவிடும். றங்குப்பெட்டியிலை இருக்கிற என்ரை குறிப்புகளுக்கு இனிக் கறையான் மருந்து போடவேண்டாம்.

சின்யோரா கூப்பிடுறா, போறன்.

அமலன்