தீர்த்த டிரம்

கிருஷ்ணகிரி
12-4-2024

அன்புள்ள கில்பர்ட்டுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் மெர்லினும் அக்கா வீட்டில் சுகம். போனில் "தண்ணி வருதா?" என்பதைத் தவிர நீங்கள் வேறொன்றும் கேட்பதில்லை. கடிதத்திலாவது நாலு வார்த்தை பேசுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். இங்கே தண்ணீர் வருகிறது, போதுமா? மெர்லின் ஆசை தீரக் குளிக்கிறாள். பெங்களூரில் வற்றிப்போன நம் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் ஊறியதும் சொல்லுங்கள், வந்துவிடுகிறோம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்பு மனைவி,
சோஃபியா


ஜோகுபாளையம்
20-4-2024

என் சோஃபிக்கு,

ஒன்று சொல்வேன், திட்டக் கூடாது. ஈஸ்டர் பூசையில் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தம் ஒரு பாட்டில் கொண்டுவந்தேன். வற்றாமல் இருக்கட்டும் என்று அதைப் படுக்கையறையில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் நீல டிரம்மில் ஊற்றிவிட்டேன். இப்போது டிரம் முழுக்கத் தீர்த்தம்! அதை மொண்டு எப்படிக் கால் கழுவுவது? கேன் வாங்கித்தான் குளிக்கிறேன். மாடி வீட்டு லட்சுமம்மா, "ஏன்ப்பா, வூட்ல அவ்ளோ நீரு வெச்சிக்கினு கேன் வாங்குறியே, தலை கெட்டுப்போச்சா?" என்கிறார். எனக்கே தெரியவில்லை. டிரம்மைப் பார்த்தால் நிம்மதி. திரும்பினால் மறுபடி பார்க்க வேண்டும் போலிருக்கிறது. மெர்லினுக்கு என் முத்தம்.

உன்
கில்பர்ட்


கிருஷ்ணகிரி
9-6-2024

அன்புள்ள கில்பர்ட்டுக்கு,

பெங்களூரில் மழை கொட்டியதை டிவியில் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், கிளம்பிவிடலாம் என்று. அதற்குள் பக்கத்துத் தெரு வனஜா போன் செய்தாள். டிரம்மில் புழு நெளிகிறதாம். நீங்கள் அதைத் துணியில் வடிகட்டி மறுபடியும் மூடி வைக்கிறீர்களாம். ஊரெல்லாம் டெங்கு என்கிறார்கள். கில்பர்ட், கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன். அந்த டிரம் இருக்கும் வரை குழந்தையை அங்கே கூட்டி வர மாட்டேன். இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு என்கிறாள் அக்கா. எனக்கு மனசு கேட்கவில்லை. மனநல டாக்டர் யாரையாவது பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சோஃபியா


ஜோகுபாளையம்
16-6-2024

சோஃபி,

டாக்டரா? எனக்கு என்ன வந்தது? மழை பிடித்தால் வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று வாசலிலேயே நிற்கிறேன். விட்டால், இதுதான் கடைசி மழையோ என்று பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். தண்ணீர் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். எதற்குத்தான் பயப்படுகிறேன் என்று புரியவில்லை. டிரம்மைக் கவிழ்த்துவிடலாம். ஆனால் தீர்த்தத்தைச் சாக்கடையில் விடலாமா? மண்ணில்தான் ஊற்ற வேண்டும். நம் தெருவில் சிமெண்ட் பூசாத மண் எங்கே இருக்கிறது, நீயே சொல்.

கில்பர்ட்


ஜோகுபாளையம்
7-7-2024

என் சோஃபிக்கு,

நீ பதில் போடவில்லை. போடாததும் நல்லதுதான்.

நம் தெரு உமேஷின் ஆட்டோவில் குடம் குடமாக ஏற்றிப் போய் எல்லாவற்றையும் கோயில் தோட்டத்தில் ஊற்றிவிட்டேன். ஃபாதரும் அங்கியை மடித்துக்கொண்டு ஒரு குடம் தூக்கினார். மழையில் செடிகள் ஏற்கெனவே நனைந்திருந்தன. நான் இத்தனை நாள் காத்த தண்ணீர் அங்கே எதற்கும் தேவைப்படவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்து டிரம்மைத் தேய்த்துக் கழுவினேன். அடுத்து என்ன செய்தேன் தெரியுமா? போர்வெல் ஊறிவிட்டதே என்று குழாயைத் திறந்து, டியூப் விட்டு அதை நிரப்பிக்கொண்டிருந்தேன். நிரம்பி வழிந்து அறையெல்லாம் தண்ணீர். மூடக் கை வரவில்லை, சோஃபி. லட்சுமம்மா ஓடி வந்து மூடினார்.

டாக்டரிடம் பேர் கொடுத்துவிட்டேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். குழந்தையை நினைத்தால் எழுத முடியவில்லை. மெர்லினை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு. ஆசை தீரக் குளிக்கட்டும்.

அங்கே தண்ணீர் வருகிறதா என்று கேட்காமல் முடிக்கிறேன்.

உன்
கில்பர்ட்